ரேணிகுண்டாவிலிருந்து திருமலைக்கு

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப் பாதையில் ரேணிகுண்டா ஒரு பெரிய சந்திப்பு. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. விமான நிலையமும் இங்கேயே உள்ளது. ஆதலால் அயலூர்வாழ் தமிழர் பலர் சேஷாசல மலையைக் கண்டு கைகூப்புவது இவ்வூரில் இறங்கியவுடனேதான்.

சென்ற மார்கழியில் என் தந்தையாருடன் நானும் இங்கு வந்திறங்கினேன். நடந்தே மலையேறுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். வயது 68, இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர். அறுபதைக் கடந்தோரில் இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியன உடையோர் நடந்து வருதல் வேண்டாவென்று தேவஸ்தானம் 2024ஆம் ஆண்டில் அறிவித்துள்ளதை எடுத்துச் சொன்னேன். "பெருமாளுக்குச் சொன்ன சொல் என்னாவது?" என்று கேட்டார். காரணத்தை விளக்கிச் சொல்லும் கடமை எனக்கு வந்தது.

அலிபிரியில் தொடங்கும் பாதையில் 3550 படிகள் உள்ளன. காலிகோபுரம் வரை ஏற்றம் கடுமையானது. படியேறுங்கால் கால் தசைகளிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஓய்வில் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்தும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை செலுத்த வேண்டியதாகிறது. இதயத்திற்கே இரத்தம் கொணரும் குழாய்கள் கொழுப்படைந்து குறுகியிருப்பின், அவ்வேளையில் அவை போதிய அளவு விரியமாட்டா. மார்வலி தோன்றுவது இதனாலேயே.

குளிரின் செயல் வேறு. உடற்சூட்டைக் காக்கும்பொருட்டுத் தோலிலுள்ள குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. மார்கழி வைகறைக் காற்றும், தண்ணீரில் திடீரென முழுகுவதும் இவ்விளைவைத் தருவன.

மூன்றாவது, உயரம். பிராணவாயு குறைந்தால் நுரையீரலின் குழாய்கள் சுருங்குகின்றன என்பதை 1946இல் சுவீடன் நாட்டு அறிஞர்களான வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் விளக்கினர். ஆயினும் மலைநோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேலேதான் தோன்றும். திருமலையின் உயரம் சுமார் 850 மீட்டரே. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நலமுள்ளவருக்கு இஃது ஒரு பொருட்டன்று. தளர்ந்த இதயமோ படிகளின் உழைப்பையும் குளிரையும் தாங்கி நிற்கையில், இச்சிறு குறைவும் சுமையாகக்கூடும்.

தந்தையார் நெடுநேரம் மலையையே நோக்கியிருந்தார். பின்னர், "நீ நடந்து வா, நான் பேருந்தில் வருகிறேன்" என்றார்.

முழங்கால் முறிச்சானில் என் மூச்சும் இரைத்தது. அமர்ந்துவிடாமல் மெல்ல நடந்தே இளைப்பாறினேன். கடும் ஏற்றத்தில் சட்டென்று நின்றால், விரிந்த குழாய்களில் இரத்தம் கால்களிலேயே தேங்கித் தலைசுற்றல் உண்டாகும்.

முதியோரை அழைத்துவரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானூர்தியில் நெடுநேரம் அமர்ந்து வந்த களைப்போடு அன்றிரவே படியேறாதீர்கள். நடக்க எண்ணுவோர் மருத்துவரைக் கேட்டு, பல வாரங்கள் முன்பிருந்தே நடைபழகி வருதல் நன்று. மார்வலியோ மயக்கமோ தோன்றின், வேண்டுதலை எண்ணி மேலே செல்லாது, உடனே நின்று உதவி கோருக.

மேலே தந்தையார் எனக்காகக் காத்திருந்தார். "எத்தனை படி எண்ணினாய்?" என்றார். எண்ணவில்லை என்றேன். "எனக்காகவும் ஏறினாய், அதுபோதும்" என்று என் தோளைப் பற்றிக்கொண்டு தரிசன வரிசையை நோக்கி நடந்தார்.