குட்டினால் மாயம் கலையும்!

கண்ணுக்குத் தெரியாமல் மறைகிற வரம் கிடைத்தால் முதல் காரியமாக என்ன செய்வீர்கள்? ஆபீஸில் ஒருவரைக் கேட்டேன்.

''நேரா மேனேஜர் ரூமுக்குப் போய் நறுக்குன்னு ஒரு குட்டு!'' யோசிக்கவே இல்லை மனுஷர்.

''குட்டினா வரம் போயிடும் சார். ரூல் இருக்கு.''

''எந்த ரூல்?''

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ரூல். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கொண்டுவந்த கதையாட்டம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி. வெட்டு விழுந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். சனிக்கிழமை ராத்திரிகளில் நான் மந்திரவாதி.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, மறைந்திருப்பவன் அடித்தால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அவனை அடிக்க வருபவனும் இரண்டு முறை உருட்டணும். ஆனால் சின்னதுதான் கணக்கு. 11-க்குக் குறையாமல் விழ வேண்டும் என்றால் சாதாரணமாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மறைந்தவனுக்கு அது 75 சதவிகிதம். எதிராளிக்கு 25!

இதோடு விட்டிருந்தால் எல்லோரும் மறைந்தே திரிவார்கள். அதனால் இரண்டு கடிவாளம். மறைந்தவன் சத்தமில்லாதவன் அல்ல. காலடி கேட்கும், தடம் விழும். (கோலமாவைத் தரையில் தூவி என்னைப் பிடித்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட நண்பர்கள்!) அடுத்தது, சாதா மந்திரம் ஒரு மணி நேரம் தாங்கும், ஆனால் ஓர் அடி அடித்தாலோ இன்னொரு மந்திரம் போட்டாலோ கலைந்துவிடும். அடித்தாலும் கலையாத உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. அதன் ஆயுள் ஒரே நிமிஷம்.

சரி, 'அடி' என்றால் எது? இங்கேதான் வக்கீல் வேண்டும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு ரொம்பத் தாராளம். எதிரிகள் நடக்கும் தொங்குபாலத்தின் கயிற்றை அறுக்கலாம். கதவைத் தூக்கி நாய்களை அவிழ்த்துவிடலாம். மாயம் கலையாது. நீங்கள்தான் யாரையும் நேராக அடிக்கவில்லையே! கத்தி எடுத்தவன் மாட்டுவான், மொட்டைக் கடுதாசி போட்டவன் தப்பிப்பான். எங்கள் செக்‌ஷனில் ஒருவருக்கு அப்படியொரு கடுதாசியால் பிரமோஷன் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. எழுதிய ஆசாமி இன்றும் அவரோடு உட்கார்ந்துதான் டிபன் சாப்பிடுகிறார் என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

2024-ல் திருத்தினார்கள். இப்போது சேதம் விளைவித்தாலே மாயம் கலையும். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

போன மாதம் ஆட்டத்தில் ஒரு தொங்குபாலம் வந்தது. அதன் மேல் ஆறு பூதங்கள். மறைந்தபடியே கயிற்றை விடுவித்தேன்.

''சேதம் பண்ணிட்டே, வெளியே வாடா'' என்றான் கதை நடத்தும் நண்பன்.

''பூதத்தை அடிச்சது தரைடா. நானா?''

''கயிறு? அது சேதமில்லையா?''

''யாரு அறுத்தா? முடிச்சைத்தானே அவிழ்த்தேன்!''

ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்த வாக்குவாதம். இரண்டு தடவை காபி போட்டாகிவிட்டது. பூதங்கள் ஆறும் இன்னும் பாதி வழியில், அந்தரத்தில் நிற்கின்றன.