பதில் சொல்லும் கிற்றார்

புளூஸ் இசையில் 'லிக்' என்றொரு சொல் உண்டு. ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கிவிடும் சின்ன இசைத்துணுக்கு அது. கர்நாடக இசைக்காரர்கள் ஓர் இராகத்தின் 'பிடி' என்று சொல்வதற்கு ஓரளவு கிட்ட வரும். நாம் பேச்சினிடையே 'என்ன செய்ய', 'அதுதானே' என்று சொல்வதில்லையா? அதுபோல, ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோர் கையிலும் புழங்குபவை இந்தத் துணுக்குகள். ஆயினும் யார் சொல்கிறார், எந்த இடத்தில் சொல்கிறார் என்பதில்தான் அவற்றின் கனம் இருக்கின்றது.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர்தான் இவற்றைப் பழக ஆரம்பித்தேன். மகன் தோஹாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற மின்கிற்றார் அறையின் மூலையில் சாத்தியபடி இருந்தது. அவன்தான் என் ஆசிரியன். பாடங்கள் வட்ஸ்அப் குரற்பதிவுகளாக வரும்.

முதற் பாடம் ஐந்தாவது கட்டையில் தொடங்கியது. ஏ, சி, டி, ஈ, ஜி என ஐந்தே சுரங்கள். நான்கு விரல்களுக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு மாதம் அதற்குள் ஏறி இறங்கினேன். "ஒண்டையே எத்தின தரம் அடிப்பீங்க?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அரிச்சுவடியை ஒப்புவிப்பதும் பேசுவதும் ஒன்றல்லவே.

பேச்சு தொடங்குவது தந்தியை வளைக்கும்போதுதான். மூன்றாம் தந்தியில் ஏழாவது கட்டையில் டி சுரம். அதை மோதிர விரலால் மேல்நோக்கித் தள்ளி ஈ சுரத்துக்கு ஏற்ற வேண்டும். அந்த விரல் தனித்து இதைச் செய்யாது. நடுவிரலும் சுட்டுவிரலும் பின்னால் நின்று தாங்க, திறப்பைத் திருப்புவதுபோல் மணிக்கட்டுத் திரும்ப வேண்டும். சரியான இடத்தை அடைந்தோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கின்றது. இரண்டாம் தந்தியின் ஐந்தாவது கட்டையும் அதே ஈதான். இரண்டையும் அடுத்தடுத்து மீட்டிப் பார்க்கலாம். பாதி வழியில் நின்றுவிட்ட சுரம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கியவனின் பேச்சைப்போலக் கேட்கும். விரல் நுனிகள் காய்த்துப்போகும்வரை எனக்கு அப்படித்தான் கேட்டது.

இன்னொரு வளைவு இதைவிட நுட்பமானது. சி சுரத்தை மிகச் சிறிதளவு மட்டும் உயர்த்துவது. அது சோகமான சுரத்துக்கும் மகிழ்ச்சியான சுரத்துக்கும் நடுவே ஓரிடம். அந்த இடத்துக்குக் கிற்றாரில் கட்டை கிடையாது. காதுதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இசை பிறந்த மண்ணை நினைக்காமல் இதைப் பழக முடியாது. 1865 இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் மிசிசிப்பியின் பருத்திக் காடுகளில் கறுப்பின மக்களின் கடனும் அச்சமும் ஒழியவில்லை. அந்த வயல்களின் கூவலிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் புளூஸ் எழுந்தது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். ஓர் அசையைப் பல சுரங்களில் நெளித்து நீட்டும் அவர்களின் குரல்முறை புளூஸில் தங்கியிருக்கிறது என்று சில்வியான் டியூஃப், கெர்ஹார்ட் கூபிக் முதலான ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேயின் கிற்றாரைக் கேட்கும்போது அந்த உறவைக் காது சந்தேகிப்பதில்லை.

என் மனதுக்கு நெருங்கியவர் பி. பி. கிங். 1925 இல் மிசிசிப்பியில் பிறந்து, பருத்தி பறித்து வளர்ந்து, 2015 இல் மறைந்தவர். அவருடைய உறவினரான புக்கா வைற், தந்திமேல் உலோகத்தை வழுக்கவிட்டு வாசிப்பதில் வல்லவர். அந்த வித்தை கிங்குக்குக் கைவரவில்லை. அந்த ஒலியை வெறும் விரலால் எட்டிப்பிடிக்க முயன்றபோதுதான், மணிக்கட்டை அதிரவைக்கும் அவருடைய தனி நடுக்கம் பிறந்தது. அவரது ஒரே சுரத்தைக் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடலாம். விறைத்துப்போன விரல்களோடு பழகுகிறவனுக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை.

கிங், பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். ஒன்று சொல்லும், மற்றது பதிலளிக்கும். புளூஸின் அமைப்பே அதுதான். பன்னிரண்டு தாள அளவுகள், மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு அளவு என்றாலும் குரல் ஏறக்குறைய இரண்டோடு நின்றுவிடும். மிச்ச இடம் கிற்றாருக்கு. லிக் வாழ்வது அந்த மிச்ச இடத்தில்தான்.

"வாப்பா, நீங்க ஓடுறீங்க. நிப்பாட்டி நிப்பாட்டி அடிங்க. மத்த ஆளும் பேசட்டும்" என்றான் மகன்.

முப்பது வருடம் வகுப்பறையில் இடைவிடாமல் பேசியவனுக்கு இது இலேசான காரியமல்ல. வீட்டில் நான் பேசியது குறைவு. அவனோடு படிப்பு, பணம், உம்மாவின் மருந்து என்பவற்றுக்கு அப்பால் எங்கள் பேச்சுப் போனதில்லை. வாப்பாமாரும் ஆண்பிள்ளைகளும் அப்படித்தான் என்று ஊரே நினைத்திருந்த காலம் அது.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை அவன் அழைத்தான். வேலை ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் நீடிக்கின்றதாம். "சரி மகன், உடம்பப் பாத்துக்க" என்றேன். அவனும் "சரி வாப்பா" என்றான். அதற்குமேல் இருவருக்கும் சொல் வரவில்லை.

இரவில் ஒரு குரற்பதிவு வந்தது. தோஹாவில் அறைத்தோழர் ஒருவரின் கிற்றாரில் வாசித்திருந்தான். இரண்டு அளவு வாசிப்பு, அடுத்த இரண்டு அளவுக்கு வெறும் காலால் தட்டும் தாளம். அந்த வெற்றிடம் எனக்கென்று விடப்பட்டதென விளங்க ஒரு கணம் எடுத்தது.

அம்ப்ளிஃபையரை மெதுவாக வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த நான்கே நான்கு சுரங்களை வாசித்து அனுப்பினேன். மூன்றாவது சுரத்தை வளைத்தேன். இம்முறை அது போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து அடுத்த வரி வந்தது.