கடாரம் கட்டிய விகாரம்

என் பாட்டி கடைசிவரை நாகப்பட்டினம் என்று சொன்னதில்லை, நாவப்பட்டணம்தான். அங்கே ராஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தத் துறைமுகத்தைப் பார்க்கத்தான் போன ஆண்டு ஈப்போவிலிருந்து கிளம்பினேன். கூடவே சூடாமணி விகாரத்தையும் தேடினேன்.

"பழைய புத்தர் கோயில் இருந்த இடம் எங்கண்ணே?"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "நாகூர் தர்காவா, வேளாங்கண்ணியாம்மா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'கடாரம் கொண்டான்' என்று வானொலியில் நானே எத்தனையோ முறை முழங்கியிருக்கிறேன். அந்தக் கடாரம், அதாவது நம் கெடா, நாகையில் கட்டியதைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூடாமணிவர்மன் பெயரில், அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டி முடித்த புத்த மடம் அது. சிவபக்தரான ராஜராஜ சோழன் 1006-இல் ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே அதற்கு எழுதிவைத்தார். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். சுமார் 97 வேலி நிலம். அதிலிருந்து 8,943 கலத்துக்கும் மேல் நெல். கடல் தாண்டி வந்த மடத்துக்குச் சோறு போட்டது அந்தக் கிராமத்து உழவர்கள்தாம்.

அப்பாவின் கொடையைச் செப்பேட்டில் பொறிக்க வைத்த ராஜேந்திரனே 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்தார். வேடிக்கைதான். ஆனாலும் மடம் நின்றது. 1090-இல் கடாரத்து மன்னர் தூதர்களை அனுப்பிக் கேட்க, குலோத்துங்கன் அதன் வரிச்சலுகைகளை உறுதிசெய்தார்.

கடைசியாக எஞ்சியிருந்தது ஒரு செங்கல் கோபுரம். கப்பல்காரர்களுக்கு அதுதான் கரையடையாளம். 1867-இல் ஏசுசபைப் பாதிரிமார் கேட்க, ஆங்கிலேய அரசு அனுமதிக்க, அதையும் இடித்துவிட்டார்கள். படித்தவர்கள் முடிவெடுத்து இடித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்த சுமார் 350 வெண்கலச் சிலைகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செப்பேடுகள் நெதர்லாந்துக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன.

நின்ற கட்டடம் போய்விட்டது. நெல்லுக்கு எழுதிய கணக்கு தங்கிவிட்டது.

பாட்டியின் தோட்டம் இன்று செம்பனை. லயம் இருந்த இடம்கூடத் தெரியாது. அம்மாவின் அலமாரியில் பாட்டியின் பழைய சம்பளச் சீட்டு ஒன்று மடிந்து கிடந்தது. நாகையிலிருந்து திரும்பிய வாரமே அதை எடுத்து, மடிப்பை நீவி, பிளாஸ்டிக் உறையில் போட்டேன்.