முழுதும் இறங்காத ஃபேடர்கள்

மிக்ஸிங் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்லும் பாட்டு, 10சிசி குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’. 1975இல் வந்தது. பின்னணியில் விரியும் அந்த ‘ஆ’வைக் கேட்டதும், எந்த கீபோர்டு என்றுதான் பலரும் கேட்பார்கள். அந்த ஒலியில் கீபோர்டே இல்லை, அத்தனையும் மனிதத் தொண்டை.

எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மனும் எழுதிய இந்தப் பாட்டை, இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில், தங்கள் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் முதலில் போஸா நோவா தாளத்தில் பதிவு செய்தார்கள். பிடிக்காமல் கைவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோ ஊழியர்கள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடி கையில் எடுத்தபோது, குரல்களை வைத்தே கட்டலாம் என்றார் குழுவின் கெவின் காட்லி. டேப் லூப் என்று வழி சொன்னார் இன்னொரு உறுப்பினர் லால் கிரீம்.

காட்லி, கிரீம், கோல்ட்மன் மூவரும் ஒரே ஸ்வரத்தை 16 முறை பாடினார்கள். ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். அரை ஸ்வர இடைவெளியில் 13 ஸ்வரங்கள். மொத்தம் 624 குரல்கள். இன்று ஒரே டேக்கை 16 முறை காப்பி செய்து அடுக்கினால் சத்தம்தான் கூடும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடும்போது சுருதி மயிரிழை விலகும், மூச்சு முன்பின் ஆகும். குரலுக்கு அகலம் தருவது அந்த விலகல்தான்.

கலந்த ஸ்வரத்தை டேப்பில் வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார் ஸ்டூவர்ட். ஒட்டு டேப் மெஷினின் ஹெட்டைக் கடக்கும்போதெல்லாம் சின்னதாக ஒரு சத்தம் விழும். வளையம் குட்டையானால் அடிக்கடி விழும். அதனால் சுமார் 12 அடி நீளம் வைத்து, மெஷினுக்கு வெளியே மைக் ஸ்டாண்டில் பொருத்திய உருளை வழியாக டேப்பை ஓட்டினார்.

பிறகு ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு டிராக்கில் ஏறியது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கியே ஸ்வரக் கூட்டுகளை வாசித்தார்கள். மிக்ஸிங் டெஸ்க்கே வாத்தியமானது. ஃபேடர்கள் அடிவரை போகாதபடி கீழே பிசின் டேப் ஒட்டி மறித்தார்கள். அதனால் எந்த ஸ்வரமும் முழுதாக அடங்கவில்லை. தம்புரா போல அடியில் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தம்புராவில் பொருந்தும் ஸ்வரங்கள் மட்டுமே ஒலிக்கும். இங்கே பொருந்தாதவையும் மெல்லக் கசிகின்றன.

பாட்டின் உயிர் அந்தக் கசிவில்தான் இருக்கிறது. பாடுகிறவன் காதல் இல்லை என்று திரும்பத் திரும்பச் சாதிக்கிறான். ஸ்டூவர்ட்டின் குரலும் நிதானமாகத்தான் மறுக்கிறது. ஆனால் அவன் அமுக்கப் பார்ப்பதெல்லாம் பின்னால் அடங்காமல் நிற்கிறது. வார்த்தை மறைப்பதை ஒலி சொல்லிவிடுகிறது. இவ்வளவு உழைப்பும் வித்தை காட்டுவதற்காக அல்ல, இந்த ஒரு உண்மைக்காக என்றே நான் நம்புகிறேன்.

ஆறு நிமிடப் பாட்டு வானொலிக்கு நீளம். இது இடம்பெற்ற ஆல்பத்திலிருந்து முதலில் சிங்கிளாக வந்ததும் வேறொரு பாட்டுதான். மே மாதம் இந்தப் பாட்டு சிங்கிளாக வெளிவந்து, பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடத்தில் நின்றது. அமெரிக்காவில் சுருக்கிய வடிவம் இரண்டாம் இடம் வரை ஏறியது.

இன்று இடைவெளி கண்ட இடமெல்லாம் மியூட் போடுகிறோம், மூச்சையும் வெட்டுகிறோம். அதற்கு முன், பாட்டு எதை மறைக்கிறது, எதைக் காட்டுகிறது என்று வரிகளைப் படியுங்கள். எந்த ஃபேடரை எவ்வளவு இறக்கலாம் என்பது அதன் பிறகே தெரியும்.