நான்காம் கூறு

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார் திருவள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து மருந்தளிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம். இவற்றுள் நான்காம் கூறு வாய்க்காதவர் பலர் நம் நகரங்களில் வாழ்கின்றனர். அவர்கள் வீடற்றவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அவர்கள் தொகை ஏறத்தாழ 17.7 லட்சம்.

தில்லியின் குளிர்கால மாலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் காலில் ஆறாத புண்ணுடன் மருத்துவமனைக்கு வருகிறார். "உடன் வந்தவர் யார்?" என்பதே அங்கு அவரிடம் கேட்கப்படும் முதல் வினா. அவரிடம் விடை இல்லை. ஆயினும் சிகிச்சை நடைபெறுகிறது. சில நாள்களுக்குப் பின், "புண்ணில் அழுக்குப் படக்கூடாது, நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும், வீட்டில் ஓய்வெடுங்கள்" என்று கூறி மருத்துவர் அவரை அனுப்புகிறார். அறிவுரையில் பிழையில்லை, வீடுதான் இல்லை. நடைபாதையில் புண்ணைக் கழுவத் தூய நீர் கிடையாது. வேலைக்குச் செல்லாவிட்டால் அன்றைய உணவும் கிடையாது. விரைவிலேயே அவர் முன்னினும் பெரிய புண்ணுடன் அதே வாயிலில் வந்து நிற்கிறார்.

காசநோயாளியின் நிலையும் இத்தகையதே. பொதுவாக 6 மாதங்களேனும் அவர் தவறாமல் மருந்து உண்ண வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம். எனினும், இன்று மேம்பாலத்தின் கீழும் நாளை இரயில் நிலையத்திலும் உறங்குபவரைத் தேடிச் சென்று மருந்து கொடுப்பவர் யார்? மருந்து இடையில் நின்றால், நோய்க்கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

மருத்துவமனையின் மதிலுக்கு வெளியே இருப்போர் இங்குத் துணையாகின்றனர். இரவுக் காப்பகத்தின் பணியாளர் நோயாளியின் மருந்துச் சீட்டைப் பாதுகாக்கிறார். வேளைதோறும் மாத்திரை தருகிறார். மறுபரிசோதனை நாளில் உடன் செல்கிறார். நகரத்தில் ஒரு லட்சம் மக்களுக்கு, குறைந்தது 100 பேர் தங்கும் நிலையான காப்பகம் வேண்டும் என்று தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை வகுத்தது.

மனநோயுடன் தெருவில் அலைவோருக்கும் இத்தகைய துணை கிடைத்துள்ளது. மருத்துவர் பரத் வட்வானி 1988இல் தொடங்கிய சிரத்தா அமைப்பு, அவர்களுக்குச் சிகிச்சை அளித்துக் குடும்பத்தாரிடம் சேர்த்து வருகிறது. சென்னையில் 1993இல் தோன்றிய 'தி பேனியன்' அமைப்பும் இப்பணியைச் செய்கிறது. வீடற்ற மனநோயாளிகளுக்கு இலவசச் சிகிச்சை பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வழங்கியது.

மருத்துவரும் மருந்தும் இருந்தும், கேட்பாரற்றுப் போவதால் ஓர் உயிர் நலிவது பெருந்துயரம். "உடன் வந்தவர் யார்?" என்ற வினாவுக்கு "நான்" என்று முன்வந்து நிற்க ஒருவர் இருந்தால் போதும், வள்ளுவர் கூறிய நான்காம் கூறு அங்கே நிறைவு பெறும்.