எதுவும் நிகழாதிருத்தல்

கடற்போர்க் கணினி விளையாட்டுகளில் எளிதாக வகுக்கக்கூடிய பணி எதிரிக் கப்பலை மூழ்கடிப்பதுதான். நான்கு கப்பல்களை ஒருபுறமும் ஒரு நீர்மூழ்கியை மறுபுறமும் நிறுத்திவிட்டால் மீதியை டார்ப்பிடோக்கள் பார்த்துக்கொள்ளும். கடினமானது உளவுப்பணி. அங்கே வெற்றி என்பது எதுவும் நிகழாதிருத்தல். போனதும் வந்ததும் எவருக்கும் தெரியக்கூடாது. நிகழாத ஒன்றுக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்ற கேள்வியோடு என் இரவுகள் பல கழிந்திருக்கின்றன.

2005இல் வெளிவந்த ‘டேஞ்சரஸ் வாட்டர்ஸ்’ தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. விளையாடுவதோடு, பணிகளை நாமே வகுத்துக்கொள்ளவும் அதில் ஒரு கருவி உண்டு. வரைபடத்தில் கப்பல்களை நிறுத்தலாம், அவற்றின் தடங்களை வரையலாம், நீர்மூழ்கி இன்ன பரப்புக்குள் நுழைந்தால் இன்னது நடக்கட்டும் என்று விதி எழுதலாம். துப்பாக்கியும் வெடிச்சத்தமும் எதிர்பார்த்து வருகிறவர்கள் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். நீர்மூழ்கிக்குக் கண் இல்லை, காது மட்டுமே. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் ஒலி வரும் திசை தெரியும், தொலைவு தெரியாது. தொலைவை அறிய நம் கப்பலைத் திருப்பி வேறு தடத்தில் சிறிது நேரம் செலுத்தி, அத்திசை எப்படி மாறுகிறது என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். சோனாரை ஒலிக்கவிட்டால் தொலைவு உடனே கிடைத்துவிடும். கூடவே நாம் இருக்குமிடம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

நான் வகுத்தவற்றில் நெஞ்சுக்கு நெருக்கமானது ஒக்கோட்ஸ்க் கடற்பணி. அது உண்மையில் நடந்தது. கம்சட்கா தீபகற்பத்தின் சோவியத் நீர்மூழ்கித் தளத்திலிருந்து விளாடிவாஸ்டாக் தலைமையகத்துக்குக் கடலடியில் ஒரு தொலைபேசிக் கேபிள் செல்லக்கூடும் என்று அமெரிக்கக் கடற்படை உளவுத்துறையின் ஜேம்ஸ் பிராட்லி ஊகித்தார். அதை எங்கே தேடுவது? சிறுவயதில் மிசிசிப்பி ஆற்றங்கரையில், கேபிள் செல்லுமிடத்தில் நங்கூரமிட வேண்டாம் என எச்சரிக்கும் பலகைகளை அவர் பார்த்திருந்தார். சோவியத் கரையிலும் அப்படியொரு பலகை இருக்கும் என்று எண்ணினார். 1971இல் ‘ஹாலிபட்’ நீர்மூழ்கி பெரிஸ்கோப் வழியே கரையைத் துழாவிச் சென்று அத்தகைய பலகையைக் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்போர் இறங்கி, கேபிளைத் துளைக்காமலே அதன்மேல் ஒரு பதிவுக்கருவியைப் பொருத்தினார்கள். பிறகு அவ்வப்போது வந்து நாடாக்களை மாற்றிச் சென்றார்கள்.

இதை ஆட்டமாக்கும்போது முதலில் தோன்றுவது ரோந்துக் கப்பல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். எண்ணிக்கையால் பணி கடுமையாவதில்லை, சலிப்பூட்டுவதாகத்தான் ஆகிறது. ஐயமே உண்மையான கடினம். எனவே மூன்று மீன்பிடிக் கப்பல்களை வைத்தேன். மூன்றும் ஒரேபோல இரைச்சலிடும். அவற்றில் ஒன்று மட்டும் மீன் பிடிப்பதில்லை. அது எது என்பதை ஒவ்வொரு முறையும் கணினியே தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும். புதிரை இட்டவனுக்கும் விடை தெரியக்கூடாதல்லவா? கேபிளருகே வந்தபின், முக்குளிப்போர் வெளியே இருக்கும் நான்கு மணி நேரமும் நீர்மூழ்கி ஒரு சிறு வட்டத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் அவர்கள் மீளமாட்டார்கள். ஒளிந்துகொள்ள ஆழமும் போதாது. அப்போது வடக்கிலிருந்து ஒரு ரோந்துப் படகு நெருங்கி வரும். குழாய்களில் டார்ப்பிடோக்கள் நிரம்பியிருக்கின்றன. ஒன்றை விடுத்தாலும் பணி தோல்வி. கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் அமர்ந்திருப்பதே இந்த ஆட்டத்தின் சாரம் என்பேன்.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. அமெரிக்க ஒட்டுக்கேட்பு நிறுவனமான என்எஸ்ஏயில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றி, 1979இல் விலகிய ரொனால்ட் பெல்டன் கடனில் மூழ்கியிருந்தார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் உள்ள சோவியத் தூதரகத்துக்குள் நுழைந்து, இந்த ரகசியத்தை விற்றார். மொத்தமாக அவர் பெற்றது 35,000 டாலர். 1981இல் கேபிளுக்கு மேலே சோவியத் கப்பல்கள் திரண்டிருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. கருவி தூக்கி எடுக்கப்பட்டது. பெல்டன் 1985இல்தான் கைதானார்.

இதை ஆட்டத்தில் எங்கே வைப்பது? சோனாரால் கேட்க முடியாத இடத்தில், கரையில், ஒரு மனிதனின் கடன்சுமையில் அல்லவா பணியின் முடிவு இருந்தது. நான் ஒரு விதியைச் சேர்த்தேன். ஐந்தில் ஒரு முறை, ஆட்டக்காரர் பிழையின்றிப் பணியை முடித்துத் திரும்பி, முழு மதிப்பெண்ணும் பெற்றபின், கடைசிச் செய்தி ஒன்று தோன்றும்: கருவி எதிரியின் கையில் இருக்கிறது. உங்கள் கப்பலை எவரும் காணவில்லை.

விளையாடிப் பார்த்த நண்பருக்குக் கடுங்கோபம். இது விளையாட்டுக்கு அறமல்ல என்றார். செய்த செயலுக்கு ஏற்ற விளைவு உண்டு என்ற ஒப்பந்தத்தில்தான் ஒருவன் ஆட உட்காருகிறான், அதை வகுப்பவன் மீறலாகாது என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல அது. சதுரங்கத்தில் ஐந்தில் ஒரு முறை ராணி காணாமற்போனால் அதை எவரும் ஆடமாட்டார்கள்.

ஆயினும் அந்த விதியை நான் நீக்கவில்லை. மதிப்பெண்ணை அது தொடுவதில்லை என்பதை நண்பருக்குச் சுட்டிக்காட்டினேன். பனிக்கடலின் அடியில் இருளில் கை விறைக்க வேலை செய்தவர்களிடம் 1981இல் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் திறமைக்கு உரிய மதிப்பு அப்படியேதான் இருக்கிறது, பயன்தான் இல்லாமல் போயிற்று. இவ்விரண்டையும் ஒரே திரையில் அருகருகே பார்க்கும்போது ஏற்படும் கசப்பு, எந்த ரோந்துப் படகும் தர முடியாத கடினம். உளவுப்பணியின் உண்மையும் அதுவே என்று நினைக்கிறேன். நண்பர் இதை ஏற்கவில்லை. ஆனால் அதன்பின் மூன்று முறை அப்பணியை ஆடியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மதிப்பெண் வந்தபிறகும், கடைசிச் செய்தி வருமா என்று திரையையே பார்த்தபடி சிறிது நேரம் அமர்ந்திருப்பதாகச் சொன்னார்.