நெருக்கடிக்குப் பிந்தைய நாட்கள்: அடுகோடிக் குறிப்புகள்

ஜூலை 6

கவிஞர் ஆத்மாநாமின் நினைவு நாள். 1984இல் இதே தேதியில், 33 வயதில், பெங்களூரில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இயற்பெயர் எஸ்.கே. மதுசூதன், பிறந்தது சென்னையில், 1951இல். நண்பர்களோடு சேர்ந்து 1978இல் ‘ழ’ என்ற சிற்றிதழைத் தொடங்கி அதன் ஆசிரியராக இருந்தார். வாழ்நாளில் வெளிவந்த தொகுப்பு ‘காகிதத்தில் ஒரு கோடு’ ஒன்றுதான் (1981). அந்த ஆண்டுகளில் மனநோயும் அவரை வாட்டியது. மருத்துவமனைச் சிகிச்சை பெற்றார். 1983இல் ஒருமுறை இறக்க முயன்று காப்பாற்றப்பட்டார். அடுத்த ஆண்டே போய்விட்டார்.

அவர் எழுதியவை சிதறிப்போகாமல் காத்தவர்கள் உடன் எழுதிய கவிஞர்கள். பிரம்மராஜன் அவற்றைத் திரட்டி 1989இல் நூலாக்கினார். 2002இல் காலச்சுவடு விரிவான தொகுப்பை வெளியிட்டது. நோய்தான் கவிதைக்கு ஊற்று என்று மெச்சிப் பேசும் வழக்கம் இன்றும் இலக்கியக் கூட்டங்களில் உண்டு. அது தவறு, ஆபத்தான தவறும்கூட. ஆத்மாநாமின் கவிதைகள் பேச்சு வழக்கை ஒட்டி, தெளிவாக, சுற்றியிருக்கும் மனிதர்கள் மேல் அக்கறையோடு நகர்பவை. நோய் அவருக்கு எதையும் தரவில்லை. எழுத வேண்டிய ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது.

ஜூலை 15

பெங்களூரின் அடுகோடியை ஒட்டி ஓசூர் சாலையில் நிற்கிறது நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. அதன் வேர் 1847இல் பெங்களூரில் தொடங்கிய மனநோயாளர் காப்பகம். 1925இல் அது மைசூர் அரசு மனநல மருத்துவமனையாகி, 1930களில் இந்த வளாகத்துக்கு வந்தது. 1954இல் இங்கே அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. இரண்டும் 1974 டிசம்பர் 27 அன்று ஒன்றாகிப் பிறந்ததுதான் இன்றைய நிறுவனம். தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த அடுகோடிக்கு இது கூப்பிடு தூரம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்தும் குடும்பங்கள் பஸ் ஏறி வருகின்றன.

இங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது இயல்பான காட்சி. மேலை நாட்டு மனநல மருத்துவமனைகளில் இது அரிது. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர், இடநெருக்கடிக்கு வழியாகக் கூடாரங்கள் போட்டு உறவினர்களை உடன் தங்கவைத்தார். நோயாளிகள் விரைவில் தேறினார்கள். வீட்டாரும் நோயைப் புரிந்துகொண்டு திரும்பினார்கள். 1957இல் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையமும் இதே வழியை எடுத்தது. நிம்ஹான்ஸ் 1975இல் ஆர்.எல். கபூர் தலைமையில் சமூக மனநலப் பிரிவைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பயிற்சி தந்தது. 1985இல் பெல்லாரி மாவட்டம் முழுதும் சோதித்த முறைதான் பின்னர் நாடு தழுவிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முன்மாதிரி ஆனது.

ஆகஸ்ட் 6

2001இல் இதே நாள், விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அங்குள்ள தர்காவை நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போன மனிதர்கள். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் தடை செய்கிறது.

ஏர்வாடியை வைத்து வழிபாட்டு இடங்களையெல்லாம் ஒரே கண்ணால் பார்ப்பது சரியல்ல. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே மருந்து இல்லை. பெரிய சடங்கும் இல்லை. வீட்டார் ஒருவர் கூடவே இருந்தார். கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலைகள் இருந்தன. விரட்டாத, அதட்டாத சூழலே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மருந்தும் இந்தச் சூழலும் ஒரே இடத்தில் கிடைக்குமானால் பலன் கூடும் என்று நம்ப இடமிருக்கிறது.

ஆகஸ்ட் 24

மனநோயிலிருந்து மீள்வதில் கவிதைக்கு என்ன வேலை? 1950களின் இறுதியில் நியூயார்க்கில் எலை கிரைஃபர் என்ற மருந்தாளுநர், மருத்துவர் ஜாக் லீடியுடன் சேர்ந்து நோயாளிகளுக்குக் கவிதைக் குழு நடத்தினார். கவிதைவழிச் சிகிச்சை ஒரு துறையானது அதன் பிறகுதான். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதைத் தைத்த நிகழ்வைப் பற்றி எழுதவைத்தார். நடந்ததையும் அப்போது பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்திருந்தது.

கவிதைக்குக் கூடுதலாகச் சில வசதிகள் உண்டு. அது சிறியது. கடும் மனச்சோர்வில் கவனம் நாலு வரிக்கு மேல் நிற்காது. நாவலைத் தொட முடியாதவர் கவிதை ஒன்றை முழுதாகப் படித்து முடிக்கலாம். முடித்தோம் என்ற நிறைவே அந்நாட்களில் பெரிய விஷயம். “என்ன ஆச்சு உனக்கு?” என்று நேராகக் கேட்டால் வாயடைத்துப் போகிறவர், யாரோ எழுதிய கிணற்றைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ பேசும் சாக்கில் தன் கதையைச் சொல்லிவிடுவார். எவ்வளவு சொல்வது என்பது அவர் கையிலேயே இருக்கும். உரக்கப் படிக்கும்போது கேட்க ஆள் வேண்டும். அங்கே நான்கு பேர் கூடுகிறார்கள். அடுத்த வாரமும் வர ஒரு காரணம் உண்டாகிறது.

இதற்கு எல்லையும் உண்டு. இருதுருவ நோய்க்கு மருந்து வேண்டும்; கவிதை அதற்கு மாற்றாகாது. நெருக்கடி உச்சத்தில் இருப்பவரைத் தனியாக உட்காரவைத்து எழுதச் சொல்வதும் கூடாது.

செப்டம்பர் 10

உலகத் தற்கொலைத் தடுப்பு நாள், 2003 முதல். 2008இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு ஒன்றைத் தமிழர்கள் எல்லோரும் அறிய வேண்டும். சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாட்டு ஊர்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இதில் இருந்தார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினரிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ நலம் விசாரித்தார்கள். முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

ஆத்மாநாம் முயன்று பிழைத்த காலத்தில் அந்த முயற்சியே சட்டப்படி குற்றம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. தண்டிப்பதற்குப் பதில் பராமரிப்பு தருவதை அரசின் கடமையாக்குகிறது. வழக்குப் பயத்தில் மறைத்துவைக்க வேண்டிய அவசியம் இனி எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

அக்டோபர் 10

உலக மனநல நாள். 2022இல் இந்த நாளில் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அதன் தலைமை மையம் நிம்ஹான்ஸ். எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அடுகோடியிலோ வேறெந்த ஊரிலோ, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் தெரிந்தவராக இருந்தால், இந்த எண்ணை அவர் வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள். ஊரில் வாசிப்புக் கூட்டம் நடந்தால் அவரையும் அழையுங்கள். வராவிட்டால் அடுத்த வாரமும் அழையுங்கள்.